செண்பகமா, குறிஞ்சியா?

அண்ணனின் மகளுக்கு இரண்டு பெயர்கள் பேச்சில் இருக்கின்றன. இரண்டுமே குறிஞ்சிப்பாட்டில் வரும் பூக்கள்.

குறிஞ்சி எங்கள் மலைக்குப் பொருத்தமான பெயர். இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில் சுமார் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நெலு என்ற செடியும் குறிஞ்சிக்கு நெருங்கிய உறவுதான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் குறிஞ்சிக் குமரன் கோயிலும் உண்டு. பூத்ததும் செடி பட்டுப்போகுமே என்று பெரியம்மா தயங்குகிறார். விதை விழுந்து காடு மறுபடியும் முளைக்கிறதே, அதில் என்ன குறை?

ஆனாலும் என் மனசு செண்பகத்தின் பக்கம்தான். அது அப்பாயியின் பெயர். விடியற்காலைப் பனியில், படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனவர். கிழவிப் பெயர், ஸ்கூலில் கிண்டல் செய்வார்கள் என்கிறார் அண்ணி. செய்யட்டுமே. வகுப்பில் அந்தப் பெயரில் வேறு பிள்ளை இருக்காது. யாருடைய வாரிசு என்பது தோட்டத்துக்கே தெரியும்.

ஒரே சிக்கல் எழுத்து. சண்பகம், செம்பகம் என்று பிறப்புப் பதிவில் எப்படி விழுகிறதோ, அப்படியே அடையாள அட்டை வரை தொடரும். அப்புறம் திருத்துவது பெரும்பாடு. அதனால் பதியப் போகும்போது தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதிக் கொண்டுபோக வேண்டும்.