ஹார்லெம் போனால் கோரி டென் பூம் வீட்டை விட்டுவிடாதீர்கள்

ஆம்ஸ்டர்டாம் போய்விட்டு ஆன் ஃபிராங்க் வீட்டுக்கு டிக்கெட் கிடைக்கவில்லையே என்று புலம்புகிறவர்கள் ஒரு ரயில் ஏறி ஹார்லெமுக்குப் போங்கள். 20 நிமிடம்கூட ஆகாது. இரண்டாம் உலகப் போரின்போது யூதர்களை நாஜிகளிடமிருந்து ஒளித்துவைத்துக் காப்பாற்றிய டச்சுக் கிறிஸ்தவப் பெண் கோரி டென் பூமின் வீடு அங்கேதான். பார்ட்டல்யோரிஸ்ட்ராட் தெருவில் 19-ஆம் எண், கீழே கடை, மேலே வீடு. 1837-இல் கோரியின் தாத்தா தொடங்கிய கடிகாரக் கடை அது. கடைக்குள் நுழைந்து வழி கேட்காதீர்கள், மியூசியத்துக்கு வாசல் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. நான் போனபோது கட்டணம் கிடையாது, விருப்பமிருந்தால் காணிக்கை போடலாம் என்றிருந்தது. ஆனால் ஆன்லைனில் முன்பதிவு செய்துவிட்டுப் போவதுதான் நல்லது.

தன்னார்வலர் ஒருவர் கூடவே வந்து கதை சொல்லிச் சுற்றிக் காட்டுகிறார், ஒரு மணி நேரம் போல ஆகும். நடுவில் சுவிசேஷமும் வரும். அது பிடிக்காதவர்கள் முன்கூட்டியே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள், எனக்கு உறுத்தவில்லை. ஜன்னலில் இருக்கும் முக்கோண ஆல்பினா கடிகார விளம்பரப் பலகையைக் கவனியுங்கள். அது ஜன்னலில் இருந்தால் ஆபத்தில்லை, வரலாம் என்று அர்த்தம். மேலே கோரியின் படுக்கையறையில் சுவரோடு ஓர் அலமாரி, அதன் அடித்தட்டு வழியாகத் தவழ்ந்து போனால் போலிச் சுவருக்குப் பின்னால் ஆள் நிற்க மட்டும் இடம். 1944 பிப்ரவரி 28 அன்று நாஜிகள் வீட்டைச் சோதனை போட்டு எல்லாரையும் பிடித்துக்கொண்டு போனபோது அதற்குள் ஆறு பேர் மூச்சுக் காட்டாமல் நின்றிருக்கிறார்கள், இரண்டு நாளுக்கு அப்புறம்தான் வெளியே வந்தார்கள். உள்ளே தெரிய வேண்டும் என்பதற்காக இப்போது அந்தச் சுவரில் ஓர் ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். நான் அங்கே நின்றுகொண்டே இருந்தேன், பின்னால் வந்தவர் தொண்டையைச் செருமிய பிறகுதான் நகர்ந்தேன்.

கோரியின் 84 வயது அப்பா காஸ்பர் பிடிபட்ட பத்தே நாளில் இறந்துபோனார். அக்கா பெட்ஸி அந்த டிசம்பரில் ஜெர்மனியில் பெண்களுக்கான ராவன்ஸ்புரூக் வதைமுகாமில். கோரி மட்டும் திரும்பி வந்தார். 1947-இல் மியூனிக் தேவாலயம் ஒன்றில் மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்ததும் அதே முகாமில் காவலனாக இருந்தவன் எதிரே வந்து, நான் இப்போது கிறிஸ்தவன், மன்னித்தேன் என்று நீங்கள் சொல்லியும் நான் கேட்க வேண்டும் என்று கையை நீட்டுகிறான். கோரிக்குக் கை எழவில்லை. என்னால் முடியாது, கை தூக்குவதை மட்டும் செய்கிறேன், மற்றதை நீர் கொடும் என்று இயேசுவிடம் உள்ளுக்குள் ஜெபித்துவிட்டு மரக்கட்டை மாதிரி கையை நீட்டினாராம், அன்பு அதற்குப் பிறகுதான் வந்ததாம்.

நம்ம சபைகளில் இந்தச் சாட்சியைப் பிரசங்கத்தில் பலமுறை கேட்டிருப்பீர்கள், அதுவும் அடி வாங்கிக்கொண்டு வந்து நிற்கிற பெண்ணிடம் "கோரி மன்னிக்கவில்லையா, நீ மறந்துவிட்டுப் போய் வாழம்மா" என்று சொல்வதற்காக. இந்த வீட்டைப் பார்த்தபின் அது எவ்வளவு பெரிய அபத்தம் என்று தெரிகிறது. கோரி எதையும் மறக்கவில்லை. ஊர் ஊராகப் போய், நடந்தது இன்னது என்று ராவன்ஸ்புரூக்கின் பேரைச் சொல்லியே பேசினார். முகாமிலிருந்து தப்பியவர்களுக்காகத்தான் முதலில் இல்லம் நடத்தினார், அப்புறம் ஜெர்மானியர்களோடு ஒத்துழைத்த டச்சுக்காரர்களும் அங்கே தங்கினார்கள். ஏழெழுபதுதரம் மன்னி என்கிற அதே மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில், அதற்குச் சற்று முன்னால், குற்றம் செய்தவனிடம் போய் அதை உணர்த்து, கேட்காவிட்டால் சாட்சிகளோடு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்றும் இருக்கிறது. பிரசங்கிகள் அந்தப் பாதியை ஏன் தாண்டிப் போகிறார்களோ!

மியூனிக் சம்பவத்தை மட்டும் எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள், அது நடந்தது வேறு ஊரில், இங்கே பார்க்க எதுவும் இல்லை. இந்த வீடு அதற்கு முந்தைய கதை. ஆனால் எதை மன்னித்தார் என்பது இங்கே வந்தால்தான் உறைக்கும்.

5-க்கு 5. படிக்கட்டு குறுகல், செங்குத்து, முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். முடித்ததும் பக்கத்திலேயே இருக்கும் புனித பாவோ தேவாலயத்தையும் பாருங்கள், 1766-இல் பத்து வயது மொஸார்ட் வாசித்த ஆர்கன் அங்கேதான் இருக்கிறது.