மேல்மலையில் டெட்பீஃப்: டார் கோப்பிலிருந்து நிறுவிய பாட்டு பிளேயர், சில வருடங்களுக்குப் பிறகு

டெட்பீஃப் என்ற பாட்டு பிளேயரை லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தில் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். மென்பொருள் மேலாளர் வழியாக அதை நிறுவவில்லை. அதன் தளத்திலிருந்து டார் கோப்பாக (பல கோப்புகளைச் சேர்த்துச் சுருக்கிய ஒரே பொதி) இறக்கி, பிரித்து, வீட்டுக் கோப்புறையிலேயே வைத்து ஓட்டுகிறேன். டார் கோப்பு என்றாலே டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) மணிக்கணக்காக மல்லுக்கட்ட வேண்டும் என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. எங்களைப் போல மெலிந்த இணைப்பை வைத்துக்கொண்டு காலம் தள்ளுபவர்களுக்கு இதுதான் நல்ல வழி என்பது என் கருத்து.

நான் இருப்பது கொடைக்கானல் மேல்மலை, பூம்பாறைப் பக்கம். பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் படிக்கட்டு வயல்கள். வீட்டுக்குள் ஒரு கோடு சிக்னல் வந்தால் அதிகம், காற்று வீசினால் கரண்டும் போகும். இங்கே உட்கார்ந்து ஃபிளாட்பேக் என்ற நிறுவல் முறை வழியாக ஒரு செயலியை நிறுவுவது பெரிய வேலை. செயலி சிறிதாக இருந்தாலும், அதற்கு அடித்தளமான ரன்டைம் முதல் முறை நூற்றுக்கணக்கான எம்பியை இழுக்கும். டெட்பீஃபின் டார் கோப்பு சில எம்பிதான். நடுவில் சிக்னல் அறுந்தாலும் டெர்மினலில் டபிள்யூகெட் கட்டளையை மைனஸ் சி சேர்த்து (wget -c) மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து இறங்கும்.

எனக்கு இந்த பிளேயர் எதற்குத் தேவைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டில் அப்பா சேர்த்த கேசட்டுகள் நிறைய இருக்கின்றன. திருவிழாவில் நாதஸ்வரம், தவில், பழனிக்கு நடந்து போகிறவர்களின் காவடிப் பாட்டு, விடிய விடிய நடந்த இசை நாடகங்கள் என்று பலவும் உண்டு. பெரும்பாலானவை மேடைக்குப் பக்கத்தில் டேப்ரெக்கார்டரை வைத்து எடுத்தவை. மலை ஈரத்தில் டேப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் ஒவ்வொன்றாக ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு நிரலில் பதிந்து கணினிக்கு மாற்றினேன். சி-90 கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். சிடி தரத்தில், அதாவது நொடிக்கு 44,100 மாதிரிகளாக ஸ்டீரியோவில் பதிந்தால், ஒரு பக்கம் வேவ் கோப்பாக ஏறக்குறைய 476 எம்பி வரும். ஃபிளாக் என்ற சுருக்க வடிவத்துக்கு மாற்றினால் ஒலியில் எதையும் இழக்காமல் அளவு கணிசமாகக் குறையும். ஆனால் அந்த 45 நிமிடமும் ஒரே கோப்பாகத்தான் இருக்கும். நாடகத்தைத் துண்டு துண்டாக வெட்ட எனக்கு மனமில்லை. ராஜபார்ட் பாடி முடிக்கும்போதே ஆர்மோனியம் அடுத்ததற்குத் தாவிவிடும். எங்கே வெட்டினாலும் ஏதோ ஒன்று அறுபடும்.

இதற்குத் தீர்வு கியூ கோப்பு, அதாவது எந்தப் பாட்டு எந்த நேரத்தில் தொடங்குகிறது என்று எழுதி வைக்கும் சிறு கோப்பு. கணினியோடு வந்த பிளேயர் முழுப் பக்கத்தையும் ஒரே பாட்டாகக் காட்டியது. டெட்பீஃப் கியூவைப் படித்து, ஒரே ஃபிளாக் கோப்பைப் பல பாட்டுகளாகப் பட்டியலிட்டது. நான் இதிலேயே தங்கிவிட முதல் காரணம் அதுதான்.

சரி, நிறுவும் கதைக்கு வருகிறேன்.

பதிவிறக்கப் பக்கத்தில் பல கோப்புகள் இருக்கும். மூல நிரல் ஒரு டார் கோப்பு. அதை நாமே கம்பைல் செய்து ஓடும் நிரலாக மாற்றிக்கொள்ள வேண்டும், நமக்கு அது வேண்டாம். டெபியன், உபுண்டு வகைகளுக்கான டெப் கோப்பு ஒன்று உண்டு. மூன்றாவது, எடுத்துப் போய் எங்கும் ஓட்டக்கூடிய போர்ட்டபிள் வகை. பெயரில் ஸ்டாடிக் என்றும் எக்ஸ்86_64 என்றும் இருக்கும், கடைசியில் டார்.பிஇசட்2 என்று முடியும். எடுக்க வேண்டியது இதைத்தான். டெட்பீஃப் 2009 முதல் வெளிவருகிறது. ஆர்ச் லினக்ஸ் என்ற வகையில் அதன் மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கும். உபுண்டு, மின்ட் வைத்திருப்பவர்கள்தான் தளத்துக்குப் போக வேண்டும். டெப் எளிதாயிற்றே என்று கேட்கலாம். ஆனால் டெப் நிறுவ நிர்வாகக் கடவுச்சொல் வேண்டும். அதோடு அது கணினியின் பொது இடங்களில் போய் உட்காரும். டார் கோப்பு நாம் வைத்த கோப்புறையை விட்டு நகராது. பிடிக்கவில்லையா, கோப்புறையை அழித்தால் நிரல் போய்விடும்.

வலது கிளிக், 'இங்கே பிரி', அவ்வளவுதான். உள்ளே ஒரு கோப்புறை, அதற்குள் டெட்பீஃப் என்ற நிரல், பக்கத்தில் பிளகின்கள் எனப்படும் கூடுதல் வசதித் துண்டுகள். நிரலை இரண்டு முறை தட்டினால் ஓடும். எம்பி3, ஃபிளாக், ஆக் போன்றவற்றைப் படிக்கத் தேவையானவை எல்லாம் பொதிக்குள்ளேயே இருக்கின்றன. சாளரங்களை வரையும் ஜிடிகே போன்ற ஒரு சிலவற்றைத்தான் கணினியிலிருந்து எடுத்துக்கொள்கிறது, அவை மின்ட்டில் ஏற்கெனவே இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஃபேட்32 பென்டிரைவிலேயே வைத்துப் பிரித்து, அங்கிருந்தே ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். அந்த வகைக் கோப்பமைப்பு லினக்ஸின் இயக்க அனுமதியைச் சேமித்து வைக்காது. அதனால் நிரலைத் தட்டினால் அனுமதி மறுக்கப்பட்டது என்றுதான் வரும். டார் கோப்பைப் பிரிக்காமல் பென்டிரைவில் கொண்டுபோய், கணினியின் வீட்டுக் கோப்புறையில் பிரிப்பதே சரி. அனுமதிகள் டாருக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். பாதியில் நின்ற பதிவிறக்கமோ என்ற சந்தேகமும் எளிதில் தீரும். பிஇசட்2 ஒவ்வொரு பகுதிக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருக்கிறது, கோப்பு சிதைந்திருந்தால் பிரிக்கும்போதே பிழை காட்டிவிடும்.

மெனுவில் தானாக வராது என்பது இந்த வழியின் ஒரு எரிச்சல். மெனுவுக்கு நிரலைக் காட்டும் ஒரு டெஸ்க்டாப் கோப்பை எழுதி, வீட்டுக் கோப்புறையில் மறைந்திருக்கும் லோக்கல் கோப்புறைக்குள் ஷேர், அதற்குள் அப்ளிகேஷன்ஸ் என்ற இடத்தில் வைக்க வேண்டும். கண்ட்ரோலும் எச்சும் அழுத்தினால் மறைந்தவை தெரியும். அதில் எக்ஸெக் என்ற வரியில் நிரலின் முழுப் பாதையையும் எழுதுங்கள். டெர்மினலில் செய்வது போல டில்டே குறியைப் (~) போட்டால் வேலை செய்யாது, டெஸ்க்டாப் கோப்பு அதை விரித்துப் பார்க்காது. பெயர் வரியில் தமிழிலும் எழுதலாம். என் மெனுவில் அது 'பாட்டு' என்ற பெயரில்தான் இருக்கிறது, அம்மாவுக்கும் தேடும் வேலை இல்லை.

இனி கியூ. என் நேரம் அதிகம் போனது இதில்தான், பலன் அதிகம் கிடைத்ததும் இதில்தான். கியூ என்பது சாதாரண எழுத்துக் கோப்பு. முதலில் எந்த ஒலிக்கோப்பு என்று ஒரு வரி, பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் எண், தலைப்பு, பாடியவர், தொடங்கும் நேரம். நேரத்தை நிமிடம், நொடி, ஃபிரேம் என்று எழுத வேண்டும். ஒரு நொடிக்கு 75 ஃபிரேம், சிடி காலத்துக் கணக்கு. ஆடாசிட்டியில் லேபிள் போட்டு ஏற்றுமதி செய்தால் நேரம் நொடியும் தசமமுமாக வரும். அந்தத் தசமத்தை 75-ஆல் பெருக்கினால் ஃபிரேம் கிடைக்கும். 0.4 நொடி என்றால் 30 ஃபிரேம். இதைக் கவனிக்காமல் தசமத்தை அப்படியே எழுதினால் பாட்டு கொஞ்சம் முன்பின்னாகத் தொடங்கும். ஒரு கியூவில் 99 பாட்டு வரை வைக்கலாம், ஒரு கேசட் பக்கத்துக்கு அது தாராளம்.

ஃபிளாக்குக்கும் கியூவுக்கும் ஒரே பெயர் வைத்து, இரண்டையும் ஒரே கோப்புறையில் போட்டு, தமிழ் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் போதும். கோப்புறையைச் சேர்த்ததும் தமிழ்த் தலைப்புகளோடு பட்டியல் வந்துவிடும். ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது இடைவெளி கேட்காது, கேசட் ஓடுவது போலவே ஓடும். சித்தப்பா வந்தால் "பபூன் வர்ற இடத்தைப் போடுப்பா" என்பார். கண்ட்ரோலும் எஃப்பும் அழுத்தித் தமிழில் 'பபூன்' என்று தட்டினால் எல்லா நாடகங்களிலும் பபூன் காட்சிகள் வரிசையாக வரும். முன்பெல்லாம் கேசட்டை முன்னும் பின்னும் ஓட்டித் தேடியதில் பாதி நேரம் போகும், டேப்பும் தேயும்.

தமிழ்க் குறிப்புகளைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஃபிளாக் கோப்புகளில் பாட்டு விவரம் எப்போதும் யூடிஎஃப்-8 தான், தமிழுக்குத் தொல்லையே இல்லை. தொல்லை எம்பி3-இல். அதில் பாட்டு விவரத்தை எழுதும் ஐடி3 முறையின் முதல் பதிப்பில் தலைப்புக்கு இருப்பதே 30 பைட். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வேண்டும். 'நாதஸ்வரம்' என்று எழுதினாலே 27 பைட் போய்விடும். அதற்கு மேல் அந்தப் பழைய பதிப்பு தமிழுக்காகச் செய்யப்பட்டதும் அல்ல. டெட்பீஃபில் பாட்டின் பண்புகள் சாளரத்திலேயே எந்த வகைக் குறிப்பை எழுதலாம் என்று தேர்ந்தெடுக்கலாம். முதல் பதிப்பை எழுத வேண்டாம் என்று அணைத்துவிட்டு, இரண்டாம் பதிப்பை மட்டும் விட்டேன். அதன் பிறகு தலைப்புகள் முழுசாக நின்றன. யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி எழுத்துருக் காலத்து எம்பி3 கோப்புகளில் தலைப்பு புரியாத குறிகளாக வந்தால் அதை இந்த பிளேயர் சரிசெய்யாது. நாமே திரும்பத் தட்ட வேண்டும்.

ஒலி அளவைச் சீராக்கும் ரீப்ளேகெயின் வசதி எனக்கு அவசியமாகப் போயிற்று. நாதஸ்வரம் பதிந்த கேசட் வீட்டையே தூக்கும், அடுத்து வரும் காவடிப் பாட்டு காதில் விழாது. தேர்ந்தெடுத்து ஸ்கேன் கொடுத்தால் ஒலியை மாற்றாமல், எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும் என்ற குறிப்பை மட்டும் எழுதிக்கொள்ளும். நாடகங்களுக்கு ஆல்பம் முறையைப் போடுங்கள். தனிப்பாட்டு முறையைப் போட்டால் மெதுவாகப் பேசும் வசனமும் உரத்து ஒலிக்கும், அது நாடகத்தைக் கெடுக்கிறது. 18 பட்டை ஈக்வலைசர் இருக்கிறது, மேல் பட்டைகளைச் சற்று இறக்கினால் டேப்பின் 'உஸ்' சத்தம் அடங்குகிறது.

யாராவது ஒரு பாட்டை மட்டும் போனுக்குக் கேட்டால் வலது கிளிக்கில் கன்வெர்ட் இருக்கிறது. கியூவில் உள்ள ஒரு பாட்டை மட்டும் தனி எம்பி3 ஆக எடுத்துக் கொடுக்கும். ஆனால் எம்பி3 ஆக்கும் லேம் என்ற நிரல் பொதிக்குள் கிடையாது, அதைத் தனியாக நிறுவ வேண்டும்.

புதிய பதிப்பு வந்தால் தானாகச் சொல்லாது. கொடைக்கானல் டவுனுக்குப் போகும்போது நல்ல சிக்னலில் பார்த்து இறக்கிக்கொள்கிறேன். பழைய கோப்புறையை அழிக்காமல் பக்கத்திலேயே புதியதைப் பிரித்து, டெஸ்க்டாப் கோப்பில் பாதையை மாற்றுவேன். அமைப்புகளும் பிளேலிஸ்ட்டுகளும் நிரலோடு இல்லாமல், மறைந்திருக்கும் கான்ஃபிக் கோப்புறையில் தனியாக இருப்பதால் அப்படியே தொடரும். புதியதில் ஏதாவது சரியில்லை என்றால் பழையதற்குத் திரும்பலாம். இந்த நிம்மதி எனக்குப் பெரிது. களஞ்சியம் வழியாக வரும் மென்பொருளில் பழைய பதிப்புக்குத் திரும்புவது இவ்வளவு சுலபம் இல்லை. புதுப்பிக்கும் முன் அந்த கான்ஃபிக் கோப்புறையை மட்டும் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

முகப்பு ஜிடிகே2, ஜிடிகே3 என இரண்டு வகையில் வருகிறது, விருப்பங்களில் மாற்றிக்கொண்டு பிளேயரை மூடித் திறக்க வேண்டும். எழுத்து மிகச் சிறிதாகத் தெரியும் நுண்திரை மடிக்கணினிகளில் ஜிடிகே3 எடுங்கள், ஜிடிகே2 அந்தத் திரைகளுக்குத் தக்கபடி பெரிதாகாது.

குறைகளும் உண்டு. முதல் பார்வைக்கு முகப்பு வெறுமையாக இருக்கும். வடிவமைப்பு முறையை இயக்கி நாமே கட்டங்களை அடுக்கிக்கொள்ளலாம், ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். விசைப்பலகையின் பிளே, பாஸ் பொத்தான்கள் டெஸ்க்டாப்போடு ஒத்துழைக்க வெளியார் பிளகின் ஒன்றைத் தனியாகப் போட வேண்டும். அப்படிப்பட்ட வெளியார் பிளகின்களைப் பதிப்பு மாறும்போது சரிபார்த்தே ஆக வேண்டும், பழையது புதியதோடு சேராமல் போகலாம். பிளேயர் திறக்கவே மறுத்தால் முதலில் அவற்றை அகற்றிப் பாருங்கள். ஆயிரக்கணக்கான சினிமாப் பாட்டுகளைப் படம், இசையமைப்பாளர், வருடம் என்று அட்டைப் படங்களோடு உலாவ விரும்புகிறவர்களுக்கு ஸ்ட்ராபெரி போன்ற நூலக வகை பிளேயர்தான் பொருந்தும். நல்ல பிராட்பேண்ட் இருக்கிறது, எல்லாம் தானாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பவர்களுக்கும் டார் கோப்பு வழி தேவையில்லை.

பக்கத்து ஊர்களில் வீட்டுக் கேசட்டுகளை மாற்றத் தொடங்கியிருக்கும் சிலருக்கு இதையே கொடுக்கிறேன். டெட்பீஃபின் மையப் பகுதி இசட்லிப் உரிமத்திலும் சில பிளகின்கள் ஜிபிஎல் உரிமத்திலும் வருவதால் நகலெடுத்துக் கொடுக்கத் தடை இல்லை. பென்டிரைவில் டார் கோப்பு, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு, எழுதி முடித்த ஒரு மாதிரி கியூ, பாதையை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டிய டெஸ்க்டாப் கோப்பு, இந்த நான்கையும் போட்டுக் கொடுத்தால் சிக்னலே இல்லாத வீட்டிலும் வேலையைத் தொடங்கிவிடலாம்.