சாம்பல் நோய்க்குப் பாலா, கந்தகமா, பைகார்பனேட்டா?

ஆகஸ்ட் பிறந்தால் ராட்சதப் பூசணி வளர்ப்பவர்களின் கண் காயைவிட இலைமேல்தான் இருக்கும். கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த ஹோவர்ட் டில் உருவாக்கிய 'அட்லாண்டிக் ஜெயன்ட்' ரகத்தின் காய் உச்சத்தில் ஒரே நாளில் 20 கிலோ கூடும். அதற்கான சர்க்கரையைச் சமைப்பது இலை. மாவு தூவினாற்போல் சாம்பல் நோய் என்ற பூஞ்சை இலையில் படர்வதும் அந்தக் கட்டத்தில்தான். விதைக்கும் முன்பே மருந்தைத் தீர்மானித்துவிட வேண்டும்.

பால் வைத்தியத்தைப் பாட்டி கதை என்று தள்ளிவிட முடியாது. பிரேசிலில் பெட்டியோல் என்ற ஆய்வாளர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பசுமைக்குடிலில் வளர்ந்த சுக்கினி (பூசணி இனக் காய்) செடிகளுக்கு 10 சதவீதப் பால் கரைசலை வாராவாரம் தெளித்தபோது ரசாயனப் பூஞ்சைக்கொல்லிகளுக்கு ஈடான பலன் கிடைத்தது. வெயில் படும்போது இது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் இது வருமுன் காக்கும் மருந்து; இலை முழுக்க வெளுத்தபின் ஊற்றினால் பால்தான் வீண். நாற்றமும் வரும்.

நனையும் கந்தகம் (நீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) மலிவானது, நம்பகமானது. சிக்கல் வெப்பம். 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளில் அடித்தால் நோய்க்கு முன் மருந்தே இலையைக் கருக்கிவிடும். எண்ணெய்த் தெளிப்பை ஒட்டியும் அடிக்கக்கூடாது. இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். கலிஃபோர்னியாவின் உள்நாட்டு வெயிலில் ஆகஸ்ட் மாதம் கந்தகத்தை நம்புவது சூதாட்டம். இங்கிலாந்துக் குளிருக்கு அது பொருந்தும்.

பொட்டாசியம் பைகார்பனேட் மட்டும்தான் மூன்றில் புள்ளி தெரிந்தபின்னும் கைகொடுக்கிறது. பட்ட இடத்துப் பூஞ்சையைக் காய வைத்துவிடும். படாத இடத்தைக் காப்பதில்லை என்பதால் இலையின் அடிப்புறமும் நனைய வேண்டும். சமையல் சோடாவும் (சோடியம் பைகார்பனேட்) வேலை செய்யும் என்றாலும் அதிலுள்ள சோடியம் மண்ணில் சேரும்.

மழை நீர் இந்தப் பூஞ்சைக்கு ஆகாது. பசுமைக்குடிலில் அந்த உதவி கிடையாது. 2025-இல் 1,278.8 கிலோ காய் எடுத்து உலகச் சாதனை படைத்த இங்கிலாந்தின் பேட்டன் சகோதரர்கள் குடிலில்தான் வளர்க்கிறார்கள். குடிலுக்கு என் தேர்வு: ஜூலையிலிருந்தே பால், முதல் வெள்ளைப் புள்ளி தெரிந்ததும் பைகார்பனேட். திறந்த வெளியில் வெப்பம் குறைவாக இருந்தால் கந்தகமே போதும், பாலுக்குச் செலவழிக்க வேண்டாம்.