வீட்டுக்கு பெயின்ட் அடித்து நான்கு வருடம்: பில் தகராறும் உரிந்த சுவரும்

வீட்டின் உள்பக்கம் முழுவதும் பெயின்ட் அடித்து நான்கு வருடம் ஆகிறது. வேலை முடிந்த மறுநாளே எழுதியிருந்தால் பாராட்டு மட்டும்தான் இருந்திருக்கும், ஐந்தாம் மாதம் எழுதியிருந்தால் கான்ட்ராக்டரைத் திட்டி மட்டும் எழுதியிருப்பேன். இரண்டுமே பாதி உண்மை என்று தெரிய இவ்வளவு காலம் பிடித்தது. நான் கண்டவரை, பெயின்ட் வேலையில் தகராறு கண்ணுக்குத் தெரியும் கடைசிக் கையை, அதாவது கடைசிப் பூச்சைப் பற்றி வருவதில்லை. அதற்கு அடியில் மூடிப்போனதைப் பற்றித்தான் வருகிறது. மூடும் முன் இரண்டு தரப்பும் சேர்ந்து பார்த்து வைக்காததால், பிறகு அவர் ஒன்று சொல்கிறார், நாம் ஒன்று சொல்கிறோம்.

எங்கள் ஒப்பந்தம் மெட்டீரியலோடு சேர்த்து, சதுர அடிக் கணக்கு. பழைய பெயின்டைச் சுரண்டி, ஒரு கை பிரைமர் (அடிப்பூச்சு), இரண்டு கை பட்டி (சுவரைச் சமன் செய்யும் மாவு), உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி ஒரு கை பிரைமர், அதன்மேல் இரண்டு கை எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட்). இதெல்லாம் வாயால் பேசியது. கொட்டேஷன் தாளில் இருந்தது மூன்றே வரி: பெயின்ட் கம்பெனி, எமல்ஷன் வகை, சதுர அடிக்கு இவ்வளவு. மொத்தம் எத்தனை சதுர அடி என்று அதில் இல்லை. "வேலை முடிஞ்சதும் அளந்துக்கலாம் சார்" என்றார் கான்ட்ராக்டர், நானும் சரி என்றேன். பிறகு நடந்த பாதி சண்டைக்கு அந்த ஒரு "சரி"தான் காரணம்.

முடிந்ததும் பில் வந்தது, 4,150 சதுர அடி. தரையின் அளவை மட்டும் மனதில் வைத்திருப்பவர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்தவுடன் திக்கென்று இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் சுவர்க் கணக்கு வேறு. 12க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் தரை 120 சதுர அடிதான், நான்கு சுவரும் சேர்ந்து 440, சீலிங் 120, ஆக 560. நாலரை மடங்குக்கும் மேல். அதனால் "இவ்வளவு சின்ன வீட்டுக்கு இவ்வளவா" என்று மட்டும் கேட்டுச் சண்டை போட வேண்டாம், அதில் நாம்தான் தோற்போம்.

நான் டேப் எடுத்து அறை அறையாக அளந்தேன், இரண்டு இரவு ஆனது. எனக்கு வந்தது 3,480. வித்தியாசம் 670 சதுர அடி எங்கே போனது என்று தேடியபோது மூன்று இடத்தில் கிடைத்தது. கதவு, ஜன்னல் எதையுமே அவர் கழிக்கவில்லை. சமையலறையிலும் குளியலறையிலும் டைல்ஸ் ஒட்டிய பகுதியையும் தரையிலிருந்து சீலிங் வரை சுவராகவே எடுத்திருந்தார். சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரிகளின் முகப்பும் பெயின்ட் அடித்த கணக்கில் இருந்தது. இதில் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். சின்ன வென்டிலேட்டர் போன்ற திறப்புகளைக் கழிக்காமல் விடும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. திறப்பின் ஓரங்களை பிரஷ்ஷால் பார்த்துப் பார்த்து அடிக்கும் நேரத்துக்கு அது சரிக்குச் சரி என்பது கணக்கு. அதை நான் ஒப்புக்கொண்டேன். டைல்ஸுக்கு பெயின்ட் பணம் கேட்பதை எப்படி ஒப்புக்கொள்வது?

அடுத்து லிட்டர் கணக்கு. இதை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அளவுச் சண்டையில் யார் கத்துவது என்பது போய் எண்ணே பேசிவிடும். பட்டி பார்த்த வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு கைக்கு 10 முதல் 12 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 110 முதல் 130 சதுர அடி போகும். ரகத்துக்கு ரகம் மாறும், உங்கள் டப்பாவில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். நான் நடுவாக 120 வைத்துக்கொண்டேன். 3,480 சதுர அடிக்கு இரண்டு கை என்றால் 6,960, அதற்கு 58 லிட்டர் வேண்டும். மாடியில் கிடந்த காலி வாளிகள் இரண்டு 20 லிட்டர், அவ்வளவுதான். ஒன்றின் அடியில் ஒரு விரற்கடை பெயின்ட் காய்ந்து தோலாகக் கிடந்தது. 40 லிட்டரில் 4,800 சதுர அடிதான் அடிக்க முடியும், அதாவது சுவர் முழுவதற்கும் ஒன்றரைக் கைகூட இல்லை.

அவரிடம் இதைச் சொன்னபோது முதலில் கோபப்பட்டார். பிறகு நான் கேட்டது ஒன்றுதான்: "உங்க அளவே சரின்னு வெச்சுக்குவோம். 4,150க்கு ரெண்டு கை அடிக்க 69 லிட்டர் வேணுமே, வாளி எங்கே?" அவர் பில்லே அவருக்கு எதிராக நின்றது. தண்ணீர் அதிகம் கலந்து இழுத்தாலும் பரப்பு கூடும்தான், ஆனால் அப்படி இழுத்த கையைக் கை என்று சொல்லக் கூடாது, காய்ந்த பிறகு சுவரில் நிற்கும் படலம் அந்த அளவுக்கு மெலிந்துவிடும். கடைசியில் 3,560 என்று இருவரும் சேர்ந்து அளந்து முடித்தோம். என் கணக்கைவிடக் கூடிய அந்த 80 சதுர அடியை, நான் அளக்காமல் விட்ட லாஃப்டின் அடிப்பாகத்தில் அவர்தான் காட்டினார். இரண்டாம் கை விழாத ஹாலையும் ஒரு படுக்கையறையையும் மறுபடி அடித்துக் கொடுப்பதாகப் பேச்சு.

அடுத்தது எக்ஸ்ட்ரா வேலை. கிரில்லுக்கு இனாமல் அடித்தது, ஒரு சுவரில் பழைய ஆணி ஓட்டைகளை அடைத்தது, ஷேட் பிடிக்காமல் நான் மாற்றச் சொன்னது என்று எழுதியிருந்தார். ஷேட் மாற்றியது என் முடிவு, கொடுத்தேன். ஆணி ஓட்டை பட்டி வேலைக்குள் அடக்கம், கொடுக்கவில்லை. கிரில் பற்றி யார் என்ன சொன்னோம் என்று இருவருக்குமே நினைவில்லை, பாதிப் பாதியாக முடித்தோம். நீளமாக எழுத அதில் ஒன்றும் இல்லை.

இப்போது உரிந்த கதை. ஐந்தாம் மாதம் இரண்டு இடத்தில் ஒரே வாரத்தில் கண்ணில் பட்டது. ஒன்று ஹாலில் சோபாவுக்குப் பின்னால், இன்னொன்று குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு. ஏற்கனவே பில் விஷயத்தில் மனம் கசந்திருந்ததால் இரண்டையும் ஒரே குற்றமாக எடுத்துக்கொண்டு, நிறுத்தி வைத்திருந்த கடைசித் தவணையைத் தர முடியாது என்றேன். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அது.

ஆனால் அந்த இரண்டும் ஒரே நோய் இல்லை. ஹால் சுவரில் நகத்தை விட்டுத் தூக்கினால் பெயின்ட் தாள் மாதிரி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரே துண்டாக வந்தது. சுவரில் பட்டி அப்படியே கெட்டியாக நின்றது. உரிந்த துண்டைத் திருப்பி அதன் முதுகில் விரலை ஓட்டினேன், முகப் பவுடர் போல வெள்ளைத் தூசி விரலில் ஒட்டியது. உப்புத்தாள் தேய்த்த தூசியைத் துடைக்காமல், அதன்மேல் போட வேண்டிய இரண்டாவது பிரைமரையும் போடாமல், நேராக எமல்ஷன் அடித்திருக்கிறார்கள். பெயின்ட் சுவரில் ஒட்டவில்லை, தூசியில் ஒட்டியிருந்தது. துண்டை அவரிடம் கொடுத்தேன். திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

படுக்கையறைச் சுவர் வேறு மாதிரி. அங்கே கொப்புளம் கொப்புளமாக எழும்பி, உடைத்தால் உள்ளே பட்டியே மாவாக உதிர்ந்தது, ஓரங்களில் பஞ்சு போல வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. "சார், இது சுவத்துல இருக்கிற ஈரம். பெயின்ட் என்ன பண்ணும்?" என்றார். சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். சாக்கு இல்லை. சுவருக்குள் ஏறும் தண்ணீர் செங்கல்லிலும் சிமென்ட்டிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும், மேற்பரப்பில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் படிகமாக நின்று மேலே இருப்பதைத் தள்ளும். எவ்வளவு விலை உயர்ந்த பெயின்டும் அதன் எதிரே நிற்காது. சந்தேகம் தீர ஒரு வழி இருக்கிறது: உதிர்ந்த இடத்தைச் சுரண்டிவிட்டு, ஒன்றரை அடிச் சதுரமாக பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு இறுக்கமாக ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. நான் இதைச் செய்தது பதினான்காம் மாதம். தாள் நனைந்திருந்தது. பிளம்பர் வந்து உடைத்துப் பார்த்ததில் வாஷ்பேசினுக்குப் போகும் மறைகுழாயின் இணைப்பில் கசிவு.

அதுவரை ஒன்பது மாதம் அந்தப் பணத்தை நான் பிடித்து வைத்திருந்தேன். நடுவில் ஒருநாள் எங்கள் வீட்டில் பட்டி பார்த்த பெரியவர் வாசலில் வந்து நின்றார். "தம்பி, நீங்க பணம் குடுக்கலைன்னு அவரு எங்க கூலியில ஒரு வாரத்தை நிறுத்திட்டாரு" என்றார். கோபத்தில் இருந்த நான் "அதை அவர்கிட்ட கேளுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இந்த நான்கு வருடத்தில் என்னை உறுத்துவது உரிந்த சுவர் இல்லை, இந்த ஒரு வாக்கியம்தான். கசிவு தெரிந்த அன்றே பாக்கியைக் கொடுத்தேன். பெரியவரின் ஒரு வாரக் கூலியைத் தனியாக அவர் கையிலேயே கொடுத்தேன்.

கான்ட்ராக்டரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஹாலைச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, பிரைமர் போட்டு இரண்டு கை அடித்தார்கள். முதலில் உரிந்த இடத்தில் மட்டும் டச்-அப் செய்து பார்த்தார்கள், ஷேட் நம்பர் ஒன்றாக இருந்தும் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. பெயின்ட் வேறு பேட்ச் (வேறு தடவை தயாரித்தது), சுவரோ மாதக்கணக்கில் பழையது, எப்படி ஒன்றாகத் தெரியும்? மூலைக்கு மூலை முழுச் சுவராக அடித்தால்தான் தெரியாது. திருத்த வேலை பேசும்போது இதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

நான்கு வருடம் கழித்து நிலவரம்: மறுபடி அடித்த ஹால் சுவர்தான் வீட்டிலேயே நன்றாக இருக்கிறது, துடைத்தால் கறை போகிறது, செல்லோ டேப் ஒட்டிப் படக்கென்று இழுத்தாலும் ஒன்றும் வரவில்லை. சீலிங்கில் குறை இல்லை. கதவுகளின் வெள்ளை இனாமல் வெளிச்சம் படாத பின்பக்கம் மஞ்சளாகிவிட்டது. அது எண்ணெய் அடிப்படையிலான இனாமலின் இயல்பு, அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். குழாய் சரிசெய்த சுவரை மூன்று மாதம் வெறுமனே காய விட்டு, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு அடித்தோம், இதுவரை பூக்கவில்லை.

போன வருடம் வெளிச்சுவருக்கு வேறு ஒருவரை வைத்தேன். இந்தமுறை வேலை தொடங்கும் முன்பே இருவரும் சேர்ந்து அளந்து, எதைக் கழிப்பது, எதைக் கழிக்காமல் விடுவது என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டோம். பணத்தையும் நாட்கணக்கில் இல்லாமல் கட்டத்துக்குக் கட்டம் பிரித்தோம், ஒவ்வொரு கட்டமும் அடுத்ததால் மூடப்படும் முன் நான் பார்ப்பேன். தேய்ப்பு முடிந்ததும் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன், மேடு பள்ளம் நிழலாகத் தெரிந்துவிடும். முதல் கையை ஒரு பொட்டு வெளிர் ஷேடில் அடிக்கச் சொன்னேன், இரண்டாம் கை விழாத இடம் தானாகக் காட்டிக்கொடுக்கும். வாளிகளை என் கண் முன்னால்தான் திறந்தார்கள், பேட்ச் நம்பரைப் படம் எடுத்து வைத்தேன்.

டார்ச் பட்டி நிலையில் மட்டும்தான். முடிந்த சுவரை டார்ச் அடித்துக் குறை தேடுவது பெயின்டருக்குச் செய்யும் அநியாயம். அமெரிக்காவில் பெயின்டிங் கான்ட்ராக்டர்கள் சங்கமான பிடிசிஏ (இப்போது பெயர் பிசிஏ) வகுத்த தரநிலையே, முடிந்த சுவரைச் சாதாரண வெளிச்சத்தில் 39 அங்குலம் அல்லது அதற்கு மேல் தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்கிறது. கிட்டத்தட்ட ஒரு மீட்டர். அந்தத் தூரத்தில் நிறமும் பளபளப்பும் சீராக இருந்து, ஒழுகலும் விட்டுப்போன இடமும் இல்லை என்றால் வேலை சரி. வேறு ஆட்கள் வந்து கெடுத்ததைச் சரிசெய்யும் செலவு பெயின்டர் தலையில் விழாது என்பதும் அதில் உண்டு. ஏசி பொருத்த வந்தவர் சுவரைக் கீறிவிட்டுப் போனதை பெயின்டரிடம் இலவசமாகக் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன், நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

அடுத்து சமையலறை. மேல்பாதி எண்ணெய்ப் புகையில் மங்கிவிட்டது. கான்ட்ராக்டர் யாரும் இல்லாமல் அந்தப் பெரியவரையே கூப்பிட்டிருக்கிறேன், பெயின்ட் நான் வாங்கித் தருகிறேன், கூலி அவருடைய கணக்கு. ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்க வருகிறார். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்வேன்.