அந்தரா கருத்தடை ஊசி: எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் அனுபவம்

பையனுக்கு நாலு மாதம் ஆனபோது, கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊரில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அடுத்த குழந்தைக்கு மூன்று வருடமாவது இடைவெளி வேண்டும் என்று நானும் கணவரும் பேசி வைத்திருந்தோம். எங்கள் பக்கம் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஆபரேஷன்தான். தள்ளிப்போட மட்டும் ஒரு வழி வேண்டும் என்றால் யாரிடம் கேட்பது என்றே பல பேருக்குத் தெரியாது. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

பிரசவம் நடந்த ஆஸ்பத்திரியில் வலி எடுத்துக் கிடக்கும்போது வந்து, "காப்பர் டி வச்சிடலாம், கையெழுத்துப் போடும்மா" என்றார்கள். எத்தனை வருடத்துக்கு, வேண்டாம் என்றால் யார் எடுத்துவிடுவார்கள், ஒன்றும் சொல்லவில்லை. மறுத்துவிட்டேன். கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி நல்ல சாதனம்தான். கேட்ட நேரமும் கேட்ட விதமும்தான் இன்னும் மனதில் உறுத்துகிறது.

இங்கே நர்ஸக்கா முதலில் உட்காரச் சொன்னார். பால் கொடுக்கிறேனா, மாதவிலக்கு திரும்பிவிட்டதா, மஞ்சள் காமாலை வந்திருக்கிறதா, மார்பில் கட்டி ஏதும் உண்டா என்று கேட்டார். பிரஷர் பார்த்து, சிறுநீர்ப் பரிசோதனையும் செய்தார். அப்புறம் ஒரு தட்டில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார்: நிரோத் ஆணுறை, தினமும் போடும் மாலா என் மாத்திரை, சாயா மாத்திரை, காப்பர் டி, அந்தரா ஊசி மருந்து. காப்பர் டியைக் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். தீக்குச்சியைவிடக் கொஞ்சம் சின்னது. இவ்வளவுதானா என்று இருந்தது.

பால் கொடுப்பவர்களுக்கு ஆறு மாதம் வரை மாலா என் வேண்டாம், பால் குறையலாம் என்றார். சாயா ஹார்மோன் இல்லாத மாத்திரை. லக்னோவில் இருக்கும் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்தது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. மில்லில் எனக்கு ஷிப்ட் மாறி மாறி வரும்; கிழமையே மறந்துபோகும். காப்பர் டியில் 5 வருடத்துக்கும் 10 வருடத்துக்கும் இருக்கிறது. ஆனால் முதல் சில மாதம் உதிரப்போக்கு கூடலாம் என்றார். எனக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு. கடைசியில், "எது ஒத்துவரும்னு நீதான் கண்ணு சொல்லோணும். வீட்டுக்குப் போயி யோசிச்சுட்டுக்கூட வா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த இடத்தை எல்லோருக்கும் சொல்வேன்.

நான் அந்தராவை எடுத்துக்கொண்டேன். டாக்டர் பார்த்த பிறகு கையில் போட்டார்கள். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, ஒத்தடம் கொடுக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. அடுத்த தேதியை அட்டையில் எழுதித் தந்தார்கள். ஒரு பைசா செலவில்லை.

இரண்டாம் மாதம் விட்டு விட்டுப் பதினெட்டு நாள் உதிரம் பட்டது. அத்தை பயந்துவிட்டார். இப்படி ஆகலாம், சிலருக்கு மாதவிலக்கு நின்றும் போகலாம் என்று நர்ஸக்கா முன்பே சொல்லியிருந்ததால் நான் பதறவில்லை. போய்க் காட்டினேன், பரிசோதித்து இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது ஊசிக்குள் உதிரம் நின்றுவிட்டது. இன்னொன்றையும் முதல் நாளே சொல்லிவிட்டார்: கடைசி ஊசிக்குப் பிறகு கரு தங்க 7 முதல் 10 மாதம் ஆகலாம். சீக்கிரமே அடுத்த குழந்தை வேண்டும் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

குறை என்றால் மறைவு இல்லாததுதான். ஊசி அறைக்கும் வரிசைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை மட்டுமே. உள்ளே கேட்ட கேள்வி வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். கல்யாணமாகாத பெண் எப்படி அங்கே வாய் திறப்பாள்? என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு அவசர கருத்தடை மாத்திரை தேவைப்பட்டது. மூன்று மருந்துக் கடையிலும் இல்லை என்றுவிட்டார்கள். உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய மாத்திரைக்கு இப்படி அலைய விடலாமா? நான்தான் நர்ஸக்காவிடம் கூட்டிப்போனேன். ஒரு கேள்வியும் கேட்காமல் இலவசமாகக் கொடுத்தார். ஒரு கதவு மட்டும் போட்டிருந்தால் அவள் தனியாகவே வந்திருப்பாள்.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் கூட்டம், புதன்கிழமை தடுப்பூசி. வியாழன் காலையில் போனால் நின்று பேசலாம். ஊசித் தேதி தவறினாலும் நாலு வாரம் வரை போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். ஆனாலும் நான் அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன். போன முறை தேதியை ஞாபகப்படுத்தியது கணவர்தான்.