“உங்க வண்டி தாராளமா இழுக்கும்”: டிரெய்லர் டெலிவரி எடுக்கும் முன் படியுங்கள்

புதிய டிராவல் டிரெய்லர் (வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சக்கர வீடு) ஒன்றை டீலர் எங்களிடம் 20 நிமிடப் “பயிற்சி”யோடு ஒப்படைத்தார். எல்லாம் சரிபார்த்தாயிற்று என்ற தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். முதல் நெடுஞ்சாலைப் பயணத்திலேயே டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. ஸ்டீயரிங் லேசாகிப் போனது. பிறகு எடை மேடையில் ஏற்றி, ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்த்தபோது தவறுகள் வரிசையாக வெளிவந்தன. எந்தப் பாகமும் பழுதில்லை. ஒப்படைத்தவர்கள் செய்ய வேண்டிய வேலையைச் செய்யவில்லை. விற்றவரின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே முறையில் டெலிவரி கொடுப்பவர்கள் எங்கும் இருக்கலாம் என்பதால் விவரங்களை மட்டும் எழுதுகிறோம்.

முதல் ஏமாற்று எடைக் கணக்கில். இழுவை வண்டியின் இழுவைத் திறன் 3,400 கிலோ. விளம்பரத் தாளில் டிரெய்லரின் எடை 2,350 கிலோ. “இன்னும் ஆயிரம் கிலோ மிச்சம் இருக்கு, உங்க வண்டி தாராளமா இழுக்கும்” என்றார்கள். அந்த 2,350 காலி எடை. தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் 150 லிட்டர், அதாவது 150 கிலோ. நிரப்பிய இரண்டு கேஸ் சிலிண்டர்கள் 34 கிலோ, இரண்டு பேட்டரிகள் 50 கிலோ. படுக்கை, பாத்திரம், நாற்காலி, உணவு எல்லாம் சேர்ந்து சுமார் 230 கிலோ. எடை மேடை காட்டியது 2,810.

அதுவும் 3,400-க்குள்தானே என்று தோன்றும். பொறி அங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் முதலில் தீர்ந்துபோவது இழுவைத் திறன் இல்லை, வண்டி தன் முதுகில் சுமக்கக்கூடிய எடையான பேலோடு. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய தாளில் அந்த எண் இருக்கும். இந்த வண்டிக்கு 610 கிலோ. நான்கு பேர் 270, பின்பெட்டிச் சாமான் 90, டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் ஹிட்ச் மட்டும் 40, டிரெய்லரின் முன்தண்டு ஹிட்ச் பந்தின் மேல் அழுத்தும் முன்பாரம் 365. கூட்டினால் 765. வரம்புக்கு மேல் 155 கிலோ. விற்பனையாளர் கதவைத் திறந்து அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. விளம்பரத் தாளில் முன்பாரம் 255 என்று போட்டிருந்தது. அதுவும் காலி டிரெய்லரின் கணக்கு.

இந்த வகை டிரெய்லரில் முன்பாரம், சாமான் ஏற்றிய மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 10-க்குக் கீழே போனால் பின்பாரம் கூடி வால் ஆடும். ஆட்டத்துக்குப் பயந்து முன்னால் அள்ளிப் போட்டால் வண்டியின் பின் அச்சு அமுங்கும், முன் சக்கரங்கள் பிடி இழக்கும். இங்கே 13 சதவீதம். விகிதத்தில் குறையில்லை, அதைச் சுமக்கும் வண்டிதான் போதவில்லை.

நீங்களே அளக்க மூன்று முறை எடை போட வேண்டும். ஆட்களும் சாமானும் ஏறி, தொட்டி நிறைந்து, பயணத்துக்குப் புறப்படும் நிலையில் போடுங்கள். முதலில் டிரெய்லரை மாட்டி, ஸ்பிரிங் பார்கள் (ஹிட்சில் பாரத்தைப் பகிரும் தண்டுகள்) இறுக்கிய நிலையில். அடுத்து பார்களைத் தளர்த்திவிட்டு. கடைசியாக வண்டியை மட்டும். இரண்டாவது எடையில் வண்டியின் இரு அச்சுகளையும் கூட்டி, மூன்றாவது எடையைக் கழித்தால் முன்பாரம். இரண்டாவது மொத்தத்திலிருந்து மூன்றாவதைக் கழித்தால் டிரெய்லரின் முழு எடை. முதல் எடையில் பின் அச்சு எவ்வளவு காட்டுகிறது என்பதை அந்த அச்சுக்கான வரம்போடு ஒப்பிடுங்கள்.

ஸ்டீயரிங் லேசானதற்குக் காரணம் சரியாக அமைக்காத எடை பகிரும் ஹிட்ச். ஸ்பிரிங் பார்களை முறுக்கி, பின் அச்சில் விழும் பாரத்தில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளுவதுதான் அதன் வேலை. டீலரின் ஆட்கள் காலி டிரெய்லரை மாட்டி, பார்களை இழுத்துப் பிடிக்கும் சங்கிலியில் கண்ணளவில் ஒரு கண்ணியைக் கோத்து “செட் ஆயிடுச்சு” என்றார்கள். டேப் எடுத்து அளக்கவில்லை. தரையிலிருந்து முன் சக்கர வளைவின் விளிம்பு வரை நாங்கள் அளந்தோம்: வண்டி மட்டும் 92 செ.மீ., பார் இல்லாமல் டிரெய்லர் மாட்டினால் 95, டீலர் வைத்த நிலையில் 94.4. அதாவது எழும்பிய 3 செ.மீ.யில் 0.6 செ.மீ. மட்டுமே திரும்பி இறங்கியிருந்தது. குறைந்தது பாதியாவது இறங்க வேண்டும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். ஹிட்ச் தலையின் சாய்வை வாஷர் சேர்த்து மாற்றி, சங்கிலியில் ஒரு கண்ணி கூடுதலாக இழுத்து மாட்டியதும் 93.2-க்கு வந்தது. டிரெய்லரின் மூக்கு தூக்கலாக நிற்கவும் விடாதீர்கள். சமமாக, அல்லது மூக்கு சற்றே தாழ்ந்து நிற்க வேண்டும்.

ஹிட்ச் பந்தின் தலையில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும்: விட்டம், தாங்கும் எடை. இதில் விட்டம் சரி. எடை 6,000 பவுண்டு, அதாவது 2,720 கிலோ. மேலே உட்கார்ந்த டிரெய்லர் 2,810. விட்டம் தவறினால் இன்னும் மோசம். டிரெய்லர் முனையில் பந்தைக் கவ்வும் 2 5/16 அங்குலக் கப்ளருக்குள் 2 அங்குலப் பந்தும் போய் உட்காரும், பூட்டும் மூடும், ஒரு குழியில் வண்டி துள்ளினால் கழன்றுவிடும். எண்ணைக் கண்ணால் படியுங்கள். பூட்டிய பிறகு ஜாக்கியால் முன்தண்டை உயர்த்துங்கள். வண்டியின் பின்பக்கமும் கூடவே எழ வேண்டும்.

எங்களை அதிகம் கோபப்படுத்தியது பிரேக் விஷயம். டிரெய்லர் பிரேக்கை வண்டிக்குள்ளிருந்து இயக்கும் கன்ட்ரோலரின் திரையில் டிரெய்லர் இணைந்திருப்பதாகக் காட்டியதும் “பிரேக் ஓகே” என்றார்கள். மின் இணைப்பு இருக்கிறது என்பதைத் தவிர அந்தத் திரை எதுவும் சொல்லவில்லை. எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்ற கெயின் அளவு, பெட்டியிலிருந்து வந்தபடியே அடிமட்டத்தில் இருந்தது. அந்த நிலையில் கிட்டத்தட்ட மூன்று டன் டிரெய்லரை வண்டியின் பிரேக் மட்டும் நிறுத்திக்கொண்டிருந்தது. கெயின் வைக்க, காலியான, சமமான, உலர்ந்த சாலையில் 40 கி.மீ. வேகத்தில் போய், கன்ட்ரோலரில் உள்ள கைநெம்புகோலை மட்டும் முழுதாக அழுத்துங்கள். வண்டியைப் பின்னால் இருந்து யாரோ பிடித்து இழுப்பது போல உணர வேண்டும். டிரெய்லர் சக்கரம் பூட்டி வழுக்கும் வரை படிப்படியாகக் கூட்டி, அங்கிருந்து சற்றுக் குறைத்து வையுங்கள். புதிய டிரம் பிரேக்கின் ஷூக்கள் பதியும் முன் பிடி குறைவாகவே இருக்கும். 65-லிருந்து 30 கி.மீ. வரை நெம்புகோலால் பல முறை வேகத்தைக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஆறவிட்டு, பிறகு கெயினை மறுபடி வையுங்கள். தானே சரிசெய்துகொள்ளாத வகை என்றால் முதல் 300 கி.மீ.க்குப் பின் ஷூ இடைவெளியையும் சரிசெய்ய வேண்டும். பேலோடு தாள் தெரியாத விற்பனையாளரை ஓரளவு மன்னிக்கலாம். பிரேக்கை ஓட்டிப் பார்க்காமல் குடும்பத்தைச் சாலைக்கு அனுப்பியதை மன்னிக்க முடியவில்லை.

டிரெய்லர் கழன்றால் தானே பிரேக் பிடிக்கவைக்கும் பிரேக்அவே சுவிட்சின் கம்பியைக் கழற்றக்கூடிய ஹிட்ச் தண்டிலேயே சுற்றியிருந்தார்கள். தண்டு, அது செருகியிருக்கும் வண்டியின் ரிசீவர் குழலிலிருந்து உருவி வந்தால் கம்பியும் கூடவே போகும், சுவிட்ச் இழுபடாது. அதை வண்டியின் உடலோடு நிலையாக உள்ள இடத்தில், பாதுகாப்புச் சங்கிலியைவிடத் தொய்வு குறைவாக மாட்டுங்கள். சங்கிலிகள் இரண்டும் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போக வேண்டும். சோதிக்க, டிரெய்லர் பேட்டரி இணைந்திருக்கும்போது சுவிட்சின் முள்ளை உருவி, வண்டியை மெல்ல நகர்த்துங்கள். டிரெய்லர் சக்கரங்கள் இறுகி நிற்க வேண்டும். முள்ளை உடனே திருப்பிச் செருகுங்கள், இல்லையென்றால் பிரேக் காந்தங்கள் சூடேறும்.

டயர் காற்று 45 பி.எஸ்.ஐ. இருந்தது, டிரெய்லரில் ஒட்டிய தாள் கேட்பது 80. வீல் நட்டுகளில் இரண்டு, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்ததும் கால் சுற்று நகர்ந்தன. புதுச் சக்கரத்தில் நட்டு தளர்வது வழக்கம்தான். 15, 40, 80 கி.மீ.யில் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். டயர் புதிதா என்பதையும் பாருங்கள்: பக்கவாட்டுக் குறியீடு 2319 என்று முடிந்தால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது.

பயிற்சி என்று நடந்தது முற்றத்தை ஒரு சுற்று முன்னால் ஓட்டியது மட்டும். ரிவர்ஸ் “போகப் போக வந்துடும்” என்றார்கள். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் கை வைத்து, டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்த வேண்டும் என்ற ஒரு வரியைக்கூடச் சொல்லவில்லை. கோணம் கூடிவிட்டால் முறுக்கித் திருத்தப் பார்க்காமல் முன்னால் எடுத்து நேராக்கிக்கொள்ளுங்கள். உராய்வு வகை ஆட்டத்தடுப்பான் மாட்டியிருந்தால் ரிவர்ஸுக்கு முன் அதைக் கழற்ற வேண்டும், மறந்தால் வளையும். வாலாட்டம் தொடங்கினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லர் பிரேக்கைக் கைநெம்புகோலால் மட்டும் கொடுங்கள். வண்டியின் பிரேக்கை மிதித்தால் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். வேகம் கூட்டினால் ஆட்டமும் கூடும்.

புகாருக்கு வந்த பதில் “நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க” என்பது. அந்தத் தாளில் “ஹிட்ச் அமைப்பு சரிபார்க்கப்பட்டது” என்ற கட்டத்தில் டிக் அச்சிலேயே இருந்தது. அப்படிப்பட்ட தாள் வந்தால் முன் வளைவின் மூன்று உயரங்கள், பந்தின் எடை அளவு, கெயின் எண், டயர் காற்று, நட்டு இறுக்கம் ஆகியவற்றைக் கையால் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதும் வரை கையெழுத்து வேண்டாம். பலமுறை கேட்டபின் பந்தை மட்டும் மாற்றிக்கொடுத்தார்கள். எடைக்கு அவர்களிடம் தீர்வில்லை. பின்பெட்டியின் 90 கிலோ சாமானையும் டிரெய்லர் அச்சுக்கு மேலே மாற்றி, தொட்டியைக் காலியாக வைத்தும் கதவுத் தாளின் 610-க்குள் இந்த ஜோடி வரவில்லை. டிரெய்லர் இப்போது சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிற்கிறது, வேறு இழுவை வண்டி வரும் வரை.