குழந்தைகளுக்கான கம்போஸ்ட் செட்: எது உதவும், எது வெறும் அலங்காரம்

சுற்றுச்சூழலுக்காகக் குழந்தைகள் தினமும் செய்யக்கூடிய வேலைகளில், பலனைக் கண்ணால் பார்க்க முடிகிற வேலை சமையலறைக் கழிவை உரமாக்குவது. குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகும் காய்கறித் தோல் மீத்தேனை வெளியிடும். அதே தோல் காற்றோட்டமான பெட்டியில் மட்கினால் அந்த வாயு மிகக் குறைவு, கைக்கு உரமும் கிடைக்கும். இதற்காகக் குழந்தைகளுக்கென்றே சின்னச் சின்ன செட்டுகள் பல பெயர்களில் விற்கின்றன. உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் இரண்டு பெட்டிகள், துளையிட்ட தட்டு, அடியில் ஒரு குழாய், சிறு மண்கரண்டி, கையுறை, ஒரு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி, நுண்ணுயிர்ப் பொடி, ஒரு விளக்கத் தாள்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பக்கவாட்டுத் துளைகளை. மூடியில் மட்டும் துளை இருந்தால் மேல் அடுக்குக்குத்தான் காற்று போகும், நடுப்பகுதி கட்டியாகி நாறும். பல செட்டுகளில் இதுதான் பெரிய குறை. பெரியவர்கள் யாராவது 6 மில்லிமீட்டர் டிரில் கொண்டு சுற்றிலும் 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் துளை போட்டு, உட்பக்கம் கொசுவலைத் துணி ஒட்டிவிட்டால் சரியாகிவிடும். அரை மணி நேர வேலை, ஆனால் அதைச் செய்யாமல் தொடங்கவே கூடாது.

அளவு 12 முதல் 15 லிட்டர் வரை இருப்பது நல்லது. அதைவிடப் பெரிய பெட்டி நிறைந்ததும் எட்டு வயதுப் பிள்ளையால் நகர்த்த முடியாது. 5 லிட்டர் பொம்மைப் பெட்டிகள் பார்க்க அழகு, ஆனால் இரண்டு நாளில் காய்ந்துபோகும் அல்லது ஊறிப்போகும். ஈரம் நிலையாக நிற்க ஓரளவு கனம் வேண்டும்.

குழாயைப் பற்றி விளம்பரம் சொல்வதை நம்ப வேண்டாம். அதில் வடிவது "திரவ உரம்" என்பார்கள். உண்மையில் அது பாதி அழுகிய கழிவிலிருந்து இறங்கும் நீர். அதில் நோய்க்கிருமி இருக்கலாம், அமிலமும் இருக்கலாம். கீரை, பச்சையாகச் சாப்பிடும் காய் எதற்கும் அதை ஊற்றக் கூடாது. பெட்டி சரியாக நடந்தால் குழாயில் பெரிதாக எதுவும் வரவே வராது. தினமும் வடிகிறது என்றால் கழிவின் மேல் போடும் காய்ந்த சருகு போதவில்லை என்று அர்த்தம். அந்த வகையில் குழாய் ஒரு நல்ல எச்சரிக்கை மணி, அவ்வளவுதான்.

பொடி தேவையில்லை. தோட்டத்து மண் அல்லது பழைய கம்போஸ்ட் ஒரு பிடி போட்டால் அதிலுள்ள நுண்ணுயிர்களே வேலையைத் தொடங்கிவிடும். கையுறை பெரும்பாலும் பெரியவர்கள் அளவில் வருகிறது. குழந்தையின் விரல் நுனியில் தொளதொளவென்று தொங்கினால் கரண்டியைப் பிடிக்க முடியாது. அதை ஒதுக்கிவிட்டு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவும் பழக்கத்தை உறுதியாக்குவது மேல். சில செட்டுகளில் ஒரு பூதக்கண்ணாடி வைக்கிறார்கள். விலைகுறைந்த பிளாஸ்டிக்தான், ஆனாலும் மொத்தப் பெட்டியில் குழந்தை அதிகம் எடுக்கப்போவது அதைத்தான். மூன்றாவது வாரம் ஒரு சருகைத் திருப்பிப் பார்த்தால் சாம்பல் தூவியது போல வெள்ளை இழைகள் ஓடும், நடுவே குண்டூசித் தலையைவிடச் சிறிய வெள்ளைப் பூச்சிகள் துள்ளும். அவை ஸ்பிரிங்டெயில்கள். பூஞ்சையைத் தின்று வாழ்பவை, யாரையும் கடிக்காது.

விளக்கத் தாளில் பெரும்பாலும் இரண்டு தவறுகள். ஒன்று, கோகோபீட் கட்டியை நீரில் ஊறவைக்கச் சொல்வது. செடி நடுவதற்கு அது சரி, இங்கே கூடாது. சமையலறைக் கழிவே நீர் நிறைந்தது. ஈரத்தை உறிஞ்ச வேண்டிய பொருளையும் நனைத்துப் போட்டால் பெட்டி முதல் வாரமே சேறாகும். கட்டியை உலர்ந்த நிலையிலேயே உதிர்த்து ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு, பெட்டி ஈரமாகும்போது மட்டும் ஒரு பிடி தூவ வேண்டும். இரண்டாவது தவறு, பச்சையும் காய்ந்ததும் "சம அளவு" என்று மொட்டையாகச் சொல்வது. நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்குச் சுமார் 25 முதல் 30 பங்கு கார்பன் தேவை. காய்கறிக் கழிவில் கார்பன் அதைவிடக் குறைவு, சருகில் அதிகம். குழந்தைக்குக் கணக்கு வேண்டாம், ஒரே கிண்ணம் போதும்: ஒரு கிண்ணம் கழிவு, அதன்மேல் நொறுக்கிய சருகு இரண்டு கிண்ணம். எடையால் அல்ல, கிண்ணத்தால் அளக்க வேண்டும்.

செட்டில் இல்லாத பொருள் இந்தச் சருகுதான். ஒரு சாக்கு சருகு சேர்த்து வைக்காமல் தொடங்கிய பெட்டிகள்தான் பெரும்பாலும் பாதியில் நிற்கின்றன. சருகு கிடைக்காத வீட்டில் வழவழப்பில்லாத அட்டைப்பெட்டி, முட்டை அட்டை இரண்டையும் விரல் அகலத்துக்குக் கிழித்துப் போடலாம். செய்தித்தாளை மட்டுமே போட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்துவிடும்.

அடியில் மூன்று விரல் கனத்துக்கு முழுச் சருகு, அதன்மேல் ஒரு பிடி மண். பிறகு தினமும் 2 அல்லது 3 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிய கழிவு, உடனே சருகு மூடி. பழத்தின் மேல் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரைக் குழந்தையே உரித்தெடுக்கட்டும், அது பிளாஸ்டிக், மட்காது. இறைச்சி, பால், எண்ணெய், வளர்ப்புப் பிராணிகளின் கழிவு எதுவும் வேண்டாம். "மட்கும் பிளாஸ்டிக்" என்று அச்சிட்ட பைகளும் பெரும்பாலும் தொழிற்கூட வெப்பத்துக்கானவை, இந்தச் சின்னப் பெட்டியில் அப்படியே கிடக்கும். வாரம் இரண்டு முறை அடிவரை கிளற வேண்டும். செட்டில் தரும் கரண்டி குட்டையாக இருந்தால் ஒரு கனமான குச்சியே மேல்.

ஈரம் பார்க்க ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிய வேண்டும். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் சருகு சேர்க்கணும், கையைத் திறந்ததும் பொலபொலவென உதிர்ந்தால் நீர் தெளிக்கணும். எறும்பு ஏறியிருந்தாலும் காய்ந்துவிட்டது என்றே பொருள்.

மூக்கைச் சுளிக்கவைக்கும் அமோனியா நெடி வந்தால் கழிவு அதிகம், சருகு குறைவு. அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்று இல்லை, முழுவதையும் கொட்டி உதிர்த்துச் சருகு கலந்து மறுபடி நிரப்ப வேண்டும். பழ ஈ மொய்ப்பது கழிவை மூடாமல் விட்டதால். தடித்த பழுப்புப் புழுக்கள் நெளிந்தால் பிள்ளைகள் பயந்து ஓடுவார்கள். பெரும்பாலும் அது பிளாக் சோல்ஜர் ஈயின் புழு. கழிவை வேகமாகத் தின்னும், கடிக்காது. அதைப் பார்த்துப் பெட்டியைத் தூக்கி எறிவது பெரிய இழப்பு.

ஆஸ்துமா உள்ள குழந்தை கிளறும் வேலையைச் செய்ய வேண்டாம். காய்ந்த கம்போஸ்டிலிருந்து பூஞ்சை விதைத்தூள் பறக்கும். மற்றவர்களும் கிளறுமுன் லேசாக நீர் தெளித்துக்கொள்வது நல்லது. நறுக்குவது பெரியவர் வேலை, அளப்பதும் மூடுவதும் ஐந்து வயதிலேயே முடியும்.

இவ்வளவு சிறிய பெட்டி பெரிய குவியல் போலச் சூடாகாது. அதனால் தக்காளி விதை சாகாமல் பிறகு தொட்டியில் முளைக்கும். அதைக் குறையாக எண்ணத் தேவையில்லை. முதல் பெட்டி நிறைந்ததும் மூடியில் தேதி எழுதி ஒதுக்கிவைத்து இரண்டாவதில் தொடங்கணும். இரண்டு பெட்டி செட்டை வலியுறுத்துவது இதற்காகத்தான். ஒற்றைப் பெட்டியில் பழையதும் புதியதும் கலந்து உரம் எடுக்கவே முடியாது. இதமான வெப்பத்தில் இரண்டு மூன்று மாதம் ஆகும், குளிரில் இன்னும் நீளும்.

அளவு மூன்றில் ஒன்றாகச் சுருங்கி, கறுத்து, மழை பெய்த மண் வாசம் வந்தால் எடுக்கலாம். சந்தேகமிருந்தால் ஒரு பிடியை ஈரமாக்கிப் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் வைத்துத் திறக்க வேண்டும். புளித்த வாடை அடித்தால் இன்னும் சில வாரம் விடணும், மண் வாசமே வந்தால் ஒரு பங்கு உரத்துக்கு மூன்று பங்கு மண் கலந்து தொட்டியில் போடலாம்.